போர் விமானத்தின் வேகம்: நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, நமது போர் விமானங்களுக்கான ஜெட் என்ஜினை நாமே தயாரிக்க வேண்டாமா என்று விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் நோக்கிக் கேட்டார். ஆகஸ்ட் 22-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து அந்த என்ஜினை இந்தியாவிலேயே உருவாக்கும் பணி தொடங்கவிருப்பதாக அறிவித்தார். ஆம்கா எனப்படும் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்தின் இரண்டாவது வடிவத்துக்கு இந்த என்ஜின் பொருத்தப்படும். அதன் உந்துவிசை 110 முதல் 120 கிலோ நியூட்டன் வரை இருக்கும் என்று கூறப்படுகிறது.

120 என்ற எண் பத்திரிகைத் தலைப்புகளில் இடம்பிடித்தது. ஆனால், அது என்ஜினின் முழுக் கதையைச் சொல்லும் எண் அல்ல. ஆஃப்டர்பர்னரை எரியவிட்டு, எரிபொருளைத் தண்ணீராகச் செலவழிக்கும் சில நிமிடங்களுக்கான உச்ச அளவு அது. ஆஃப்டர்பர்னர் இல்லாமல், வானில் உயரத்தில், ஆயுதங்களைச் சுமந்தபடி அந்த விமானம் தொடர்ந்து எவ்வளவு வேகத்தில் செல்லும் என்பதே ஐந்தாம் தலைமுறை விமானத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒலியின் வேகத்தைவிட அதிகமாக அப்படிப் பறக்கும் திறனைச் "சூப்பர்குரூஸ்" என்கின்றனர்.

ஒலியின் வேகம் எங்கும் ஒரே அளவல்ல. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோ மீட்டர். 11 கிலோ மீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அங்கு அது 1,062 கிலோ மீட்டராகக் குறைகிறது. இதைத்தான் மாக் 1 என்கிறோம். அந்த உயரத்தில் மாக் 1.5 வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நிமிடத்தில் சுமார் 26 கிலோ மீட்டரைக் கடக்கும். மாக் 0.9 வேகத்தில் செல்லும் விமானம் 16 கிலோ மீட்டரைத்தான் கடக்கும். 300 கிலோ மீட்டர் தொலைவுக்கு இந்த வேறுபாடு ஏழு நிமிடங்களுக்கு மேல். ஊடுருவும் விமானத்தை எல்லையிலேயே மறிப்பதா, அது வேலையை முடித்துத் திரும்பிய பிறகு போய்ச் சேர்வதா என்பதை இந்த ஏழு நிமிடங்கள் தீர்மானித்துவிடக்கூடும்.

அதோடு, உயரத்திலிருந்தும் வேகத்திலிருந்தும் ஏவப்படும் ஏவுகணை கூடுதல் தொலைவு செல்கிறது. 2025 மே மாத மோதலுக்குப் பிறகு நெடுந்தொலைவு ஏவுகணைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டது. ஏவுகணையின் எட்டுத் தொலைவு அதைச் சுமக்கும் விமானத்தின் வேகத்தையும் பொருத்தது என்பது அந்த விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று.

எந்தப் போர் விமானமும் ஆஃப்டர்பர்னரை இயக்கி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடலாமே என்று கேட்கலாம். தாண்டலாம்தான், ஆனால் அதன் விலை என்ன? நமது விமானப் படையிடம் உள்ள ரஃபேலையே எடுத்துக்கொள்வோம். அதன் எம்-88 என்ஜின் ஒவ்வொன்றும் ஆஃப்டர்பர்னர் இல்லாமல் 50 கிலோ நியூட்டன், ஆஃப்டர்பர்னருடன் 75 கிலோ நியூட்டன் உந்துவிசை தருகிறது. விசை ஒன்றரை மடங்காகும்போது எரிபொருள் செலவோ மூன்று மடங்குக்கு மேலாகிறது. தரைமட்ட அளவுகளின்படி கணக்கிட்டால், இரண்டு என்ஜின்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 130 கிலோ குடிக்கும் இடத்தில் 425 கிலோ குடிக்கும். விமானத்தின் உடலுக்குள் இருக்கும் 4,700 கிலோ எரிபொருள் பதினோரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். உயரத்தில் இந்தச் செலவு குறையும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. விமானத்தின் வாலில் எரியும் அந்தத் தீயை எதிரியின் அகச்சிவப்புக் கருவிகள் வெகுதொலைவிலிருந்தே கண்டுகொள்ளும் என்பது இன்னொரு விலை. ரேடாருக்குத் தெரியாத வடிவம் என்று பல ஆயிரம் கோடி ரூபாய் செலவிட்டு உருவாக்கிய விமானம், வாலில் தீவட்டி ஏந்திச் செல்வது போன்றது அது.

சூப்பர்குரூஸ் புதிய விஷயமும் அல்ல. 1954-லேயே, ஆஃப்டர்பர்னர் பொருத்தப்படாத பிரிட்டனின் பி-1 சோதனை விமானம் சமமட்டப் பறப்பில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. பின்னாளில் லைட்னிங் என்று பெயர்பெற்ற விமானத்தின் முன்னோடி அது. 2003-இல் ஓய்வுபெற்ற கன்கார்டு பயணிகள் விமானம் மாக் 2 வேகத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் ஆஃப்டர்பர்னர் இல்லாமல்தான். தரையிலிருந்து எழும்பவும் மாக் 1.7 வரை வேகமெடுக்கவும் மட்டுமே கன்கார்டுக்கு அது தேவைப்பட்டது. ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றின் எதிர்ப்பு திடீரென மலைபோல் எழுகிறது. அந்த மேட்டை ஏற ஆஃப்டர்பர்னர் உதவலாம், பிறகு அணைத்துவிடலாம்.

இன்றைய போர் விமானங்களைப் பொருத்தவரை, ஐயத்துக்கு இடமில்லாமல் இத்திறன் பெற்றது அமெரிக்காவின் எஃப்-22. ஆஃப்டர்பர்னர் இன்றி மாக் 1.5-க்கும் அதிக வேகத்தில் அது செல்லும் என்று அமெரிக்க விமானப் படையே அதிகாரபூர்வமாகக் கூறுகிறது. அந்த வேகத்தில் செல்லும்போது அதன் ஏவுகணைகள் விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கின்றன என்பதே முக்கியம். இறக்கைகளின் கீழ் குண்டுகளையும் எரிபொருள் தொட்டிகளையும் தொங்கவிட்டால் காற்றின் எதிர்ப்பு கூடி, மற்ற விமானங்களின் சூப்பர்குரூஸ் திறன் காணாமல் போய்விடும். விற்பனைக் கண்காட்சிகளில் இந்த நிபந்தனையை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இந்தியாவுக்கு 126 போர் விமானங்கள் வாங்க 2007-இல் டெண்டர் கோரப்பட்டபோது ஆறு நிறுவனங்கள் போட்டியிட்டன. அவற்றுள் ஸ்வீடனின் கிரிபன், ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்பான டைஃபூன் ஆகியவை சூப்பர்குரூஸைத் தமது தனிச்சிறப்பாக முன்வைத்தன. கிரிபனின் புதிய சோதனை விமானம் 2009 ஜனவரியில் ஆஃப்டர்பர்னர் இன்றி மாக் 1.2-ஐ எட்டியதாக சாப் நிறுவனம் அறிவித்தது. அப்போது அதில் இருந்தது அமெரிக்காவின் எஃப்-414 என்ஜின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டைஃபூனுக்கு மாக் 1.2 என்றும் 1.5 என்றும் இடத்துக்கு ஓர் எண் சொல்லப்பட்டது. எந்த உயரம், எத்தனை ஏவுகணைகள், எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தராத மாக் எண், விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

2025 பிப்ரவரியில் பெங்களூர் எலஹங்கா விமானக் கண்காட்சியில் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் இடம்பெற்றன. எஃப்-35 விமானத்தை இந்தியாவுக்கு விற்கும் வழி திறக்கப்படும் என்று அதே வாரத்தில் அதிபர் டிரம்ப் அறிவித்தார். அந்த விமானம் ஆஃப்டர்பர்னர் இல்லாமல் மாக் 1.2 வேகத்தைச் சுமார் 240 கிலோ மீட்டர் தொலைவுக்கு மட்டுமே தக்கவைக்கும் என்றும், இலக்கணப்படி அது சூப்பர்குரூஸ் விமானம் அல்ல என்றும் அதைத் தயாரிக்கும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தாரே 2012-இல் ஒப்புக்கொண்டனர். உலகின் மிகச் செலவு மிகுந்த போர் விமானத் திட்டத்தின் நிலையே இதுதான். எஃப்-35 பற்றி முறைப்படியான பேச்சு எதுவும் இதுவரை நடைபெறவில்லை என்று 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சகம் மக்களவையில் பதில் அளித்தது.

ஆக, சூப்பர்குரூஸின் ரகசியம் இறக்கையின் வடிவத்தில் மட்டும் இல்லை. ஆஃப்டர்பர்னரைச் சேர்க்காமல் என்ஜினின் உள்ளகம் மட்டும் தரும் விசையில் இருக்கிறது அது. பொறியாளர்கள் இதை "உலர் உந்துவிசை" என்கின்றனர். உள்ளகத்தில் எரியும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு விசை கிடைக்கும். எம்-88 என்ஜினில் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டர்பைன் தகடுகள் செய்யப்பட்டுள்ள நிக்கல் கலப்பு உலோகமே உருகிவிடும் வெப்பம் இது. ஒவ்வொரு தகடும் இடையில் இணைப்பே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்க்கப்படுகிறது. அதனுள் மயிரிழை போன்ற குழாய்கள் வழியே குளிர்காற்று செலுத்தப்படுகிறது. மேற்பரப்பில் பீங்கான் பூச்சு பூசப்படுகிறது. உலகில் இக்கலை கைவந்த நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கற்றுக்கொண்டவர்கள் அதை யாருக்கும் எளிதில் கற்றுத் தருவதில்லை. ஹெலிகாப்டர் என்ஜினுக்கான 60 ஒற்றைப் படிகத் தகடுகளைத் தயாரித்து ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் அளித்ததாகப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு 2021-இல் அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஹெலிகாப்டர் என்ஜினுக்கும் போர் விமான என்ஜினுக்கும் இடையிலான தொலைவு நெடிது.

என்ஜின் இல்லாமல் வேகத்தைக் கனவு கண்ட அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளராக விளங்கிய கர்ட் டேங்க் 1956-இல் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டார். அவரது தலைமையில் உருவான மாருத் விமானம் 1961 ஜூன் 17-இல் முதன்முறையாகப் பறந்தது. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானம் என்பதே இலக்கு. அதற்கேற்ற உடலமைப்பும் அமைந்தது. அதற்கென எண்ணியிருந்த ஆர்ஃபியஸ்-12 என்ற பிரிட்டிஷ் என்ஜினின் உருவாக்கச் செலவை ஏற்க லண்டனும் முன்வரவில்லை, தில்லியும் முன்வரவில்லை. அந்த என்ஜின் கைவிடப்பட்டது. வேறு வழியின்றி, பயிற்சி விமானங்களுக்கும் இலகு ரக விமானங்களுக்கும் உரிய ஆர்ஃபியஸ்-703 என்ஜின்கள் இரண்டு மாருத்தில் பொருத்தப்பட்டன. எகிப்து உருவாக்கிவந்த என்ஜினைப் பொருத்திப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 1967-க்குப் பின் அதுவும் நின்றது. ஆர்ஃபியஸுக்கு ஆஃப்டர்பர்னர் சேர்த்துப் பார்க்கும் முயற்சியில், மாருத்தை முதன்முதலில் ஓட்டிய குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் சோதனைப் பறப்பின்போது உயிரிழந்தார்.

மாருத் 1971 போரில் மேற்கு முனையில் தரைத் தாக்குதலில் நன்றாகவே பணியாற்றியது. 1990-இல் ஓய்வுபெறும்வரை அது மாக் 2-இன் அருகில்கூடச் சென்றதில்லை. அன்று மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு, அதன் பிறகு அரை நூற்றாண்டாக வெளிநாட்டு விமானங்களுக்கும் என்ஜின்களுக்கும் கொடுத்த தொகை எவ்வளவு என்று எந்த அமைச்சகமும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முயற்சி காவேரி. 1989 மார்ச்சில் ரூ. 382.81 கோடியில் அனுமதிக்கப்பட்ட இத்திட்டத்தின் மதிப்பீடு ரூ. 2,839 கோடியாக உயர்ந்ததையும், 13 ஆண்டுகள் தாமதமான பின்னரும் என்ஜின் முழுமை பெறாததையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010-11 அறிக்கை சாடியது. அதற்கு முன்பே, 2008-இல், தேஜஸ் விமானத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டுவிட்டது. ஒன்பது முழு மாதிரி என்ஜின்கள், நான்கு உள்ளகங்கள், 3,217 மணி நேரச் சோதனை, சுமார் ரூ. 2,035 கோடி செலவு ஆகியவற்றோடு திட்டம் முடிக்கப்பட்டதாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

தோல்வி என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. எண்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. ஆஃப்டர்பர்னருடன் காவேரி எட்டியது சுமார் 70 கிலோ நியூட்டன், வேண்டியதோ 81. இது பெரிய குறை. ஆஃப்டர்பர்னர் இல்லாத நிலையில் அது தந்தது சுமார் 49 கிலோ நியூட்டன். ரஃபேலின் எம்-88 தருவது 50. உலர் உந்துவிசையில் இடைவெளி அவ்வளவு குறைவு. எடையும் நம்பகத்தன்மையும் வேறு கதை என்பதை மறுப்பதற்கில்லை. திட்டமிட்டதைவிடக் காவேரி கனமானது. ஆயினும், ஆஃப்டர்பர்னர் நீக்கப்பட்ட காவேரியை இப்போது ஆளில்லாப் போர் விமானத்துக்குப் பயன்படுத்த முயல்கிறார்கள் என்பதிலிருந்தே, அந்த ரூ. 2,035 கோடி முழுவதும் வீணாகவில்லை என்பது விளங்கும்.

காவேரியின் இன்னொரு பாடம் அதிகம் பேசப்படாதது. உயரத்தில் என்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிக்க அதை ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2010 நவம்பரில் ரஷ்யாவின் குரோமோவ் ஆய்வு மையத்தில் ஐ.எல்.-76 சரக்கு விமானத்தின் இறக்கையில் மாட்டித்தான் அது முதன்முதலாகப் பறக்கவிடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டி அயல்நாட்டுக்கு அனுப்பி, அங்கே வரிசையில் காத்திருந்து, முடிவு வந்தபின் மீண்டும் திருத்துவது என்றால் ஆண்டுகள் கரையாமல் என்ன செய்யும்?

செய்தியாளர் மாடத்திலிருந்து பார்க்கும்போது, நமது அவைகளில் பாதுகாப்பு விவாதங்கள் போஃபர்ஸ் காலம் தொட்டே விலை, எண்ணிக்கை, இடைத்தரகர் என்ற மூன்று சொற்களைச் சுற்றியே வருகின்றன. 2019 ஜனவரியில் மக்களவையில் ரஃபேல் விவாதம் காகித விமானங்கள் பறக்கும் அளவுக்குச் சூடுபிடித்தது. 36 விமானங்களின் விலை என்ன என்பதே வினா. அந்த விலைக்குள் மறைந்திருந்த வேறொரு செய்தி 2020 செப்டம்பரில்தான் தணிக்கையாளரின் அறிக்கை வழியே வெளிவந்தது. ஈட்டு ஒப்பந்தக் கடமையில் 30 சதவீதத்தை உயர் தொழில்நுட்பம் வழங்கி நிறைவேற்றுவதாகப் பிரெஞ்சு நிறுவனங்கள் 2015-இல் முன்வந்தன. தேஜஸுக்கான உள்நாட்டு என்ஜினான காவேரிக்குத் தொழில்நுட்ப உதவி வேண்டும் என்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு கேட்டது. அந்தத் தொழில்நுட்பத்தைத் தருவதாக விற்பனையாளர் இதுவரை உறுதி செய்யவில்லை என்று அறிக்கை பதிவு செய்தது. கொரோனா காலத்துச் சுருக்கமான கூட்டத்தொடரின் கடைசி நாளில் அவையில் வைக்கப்பட்ட அறிக்கை அது. விவாதத்துக்கு நேரமேது?

அன்று தயங்கிய அதே பிரான்ஸிலிருந்துதான் இன்று முழுத் தொழில்நுட்ப மாற்றம் என்ற வாக்குறுதி வந்திருக்கிறது. இதை நம்பக் கூடாது என்பதல்ல; 2015-இல் இருந்த சூழ்நிலை வேறு, இன்றைய சூழ்நிலை வேறு. 36 ரஃபேல்களுக்குப் பின் கடற்படைக்கு 26 ரஃபேல்கள் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்திருக்கும் வாடிக்கையாளரைப் பாரிஸ் எளிதில் புறக்கணிக்காது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை உறுப்பினர்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டுப் பெறுவது நல்லது. உலர் உந்துவிசை எவ்வளவு என்பது முதல் வினா. ஒற்றைப் படிகத் தகடுகளை வார்க்கும் முறை கைமாறுமா, வார்த்த தகடுகள் மட்டும் வருமா என்பது அதைவிடக் கூர்மையான வினா. வடிவமைப்பின் உரிமை யாரிடம் இருக்கும், உயரச் சோதனைக்கூடமும் பறக்கும் சோதனை விமானமும் இந்திய மண்ணில் அமையுமா என்பவையும் விடுபடக் கூடாதவை. ராணுவ ரகசியம் என்ற திரைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டிய விவரங்கள் அல்ல இவை. தயாரிப்பாளர்கள் தம் விளம்பரக் கையேடுகளில் அச்சிடும் எண்களும் இவற்றில் உண்டு. பாதுகாப்புக்கான நிலைக்குழு விரும்பினால் ஒரே அமர்வில் கேட்டுவிடலாம்.

என்ஜினுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதைத் தேஜஸ் இப்போதே காட்டிவிட்டது. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் 99 எஃப்-404 என்ஜின்கள் வாங்க 2021-இல் ஒப்பந்தமானது. முதல் என்ஜின், குறித்த காலத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிந்தி, 2025 மார்ச்சில்தான் வந்தது. என்ஜினுக்கு ஏங்கி விமான உடல்கள் பெங்களூரில் காத்திருந்தன. 2025 செப்டம்பர் 26-இல் சண்டீகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டபோது, 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய விமானப் படை 29-க்கு இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு ரூ. 62,370 கோடியில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. நவம்பரில் அவற்றுக்காக 113 என்ஜின்களுக்கு அதே அமெரிக்க நிறுவனத்துடன் மீண்டும் ஒப்பந்தம்.

எல்லைக்கு அப்பால் சீனாவும் இதே இடறலைக் கண்டதுதான். அதன் ஜே-20 விமானம் 2011-இல் பறந்தபோது சொந்த என்ஜின் தகுதி பெற்றிருக்கவில்லை. ரஷ்ய என்ஜினை வைத்துப் பறக்கவிட்டு, பின்னர் உள்நாட்டு டபிள்யூ.எஸ்.-10 என்ஜினுக்கு மாறி, சூப்பர்குரூஸுக்கு உரிய டபிள்யூ.எஸ்.-15 என்ஜினை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஒன்று சரியில்லை என்பதற்காக அடுத்ததற்கான பணத்தை அவர்கள் நிறுத்தவில்லை. நாம் காவேரிக்கு 30 ஆண்டுகளில் செலவிட்ட தொகை, இன்றைய விலையில் சில ரஃபேல் விமானங்களின் விலைக்கு மேல் போகாது.

ஆம்காவின் மாதிரி விமானங்களுக்கு 2024 மார்ச்சில் ரூ. 15,000 கோடி ஒதுக்கப்பட்டது. 2035-ஐ ஒட்டி அது படையில் சேர வேண்டும் என்பது இலக்கு. புதிய என்ஜினை உருவாக்கவே பத்தாண்டுகளுக்கு மேல் பிடிக்கும். எனவே முதலில் வரும் ஆம்கா விமானங்கள் எஃப்-414 என்ஜின்களுடன்தான் பறக்கும். அந்த என்ஜின் ஆஃப்டர்பர்னருடன் 98 கிலோ நியூட்டன், அது இல்லாமல் சுமார் 58 கிலோ நியூட்டன் தருகிறது. இரண்டு என்ஜின்களுக்கும் சேர்த்து ஆஃப்டர்பர்னருடன் கிடைக்கும் 196, நிபுணர்களின் கணிப்புப்படி எஃப்-22 விமானத்தின் என்ஜின்கள் ஆஃப்டர்பர்னரே இல்லாமல் தரும் விசையைவிடக் குறைவு. 25 டன் எடையுள்ள ஆம்கா, ஏவுகணைகளை வயிற்றில் சுமந்துகொண்டு, இந்த 58-ஐ இரண்டாகப் பெருக்கி வரும் 116 கிலோ நியூட்டனில் ஒலியின் வேகத்தைத் தாண்டி நிலைக்க வேண்டும். எடையில் அதைவிட மிகச் சிறியதான கிரிபன், இதே எஃப்-414 என்ஜினோடு 2009-இல் எட்டியது மாக் 1.2.